பொட்டு வைத்த அட்டைகள்

மாடம்மாளுக்குக் குரல்கள் ஒட்டிக்கொள்ளும், நடந்து போகிறவன் வேட்டியில் நாயுருவி ஒட்டுவதைப்போல. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் இறங்குவதற்குள் கண்டக்டரின் குரல் அவள் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். "முன்னோட்டு நீங்கி நில்க்கணே, அகத்து ஸ்தலமுண்டு" என்று வீட்டு வாசலில் நின்று அவள் எடுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தம்மை அறியாமல் ஓரடி முன்னே நகர்வார்கள். விழிஞ்ஞத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரியின் குரலில் விலை சொன்னால் பூனை வரும். பூனை வந்தது நிஜம். அவள் புருஷன் தங்கையன் சாட்சி.

தங்கையன் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் புரோட்டா போடுகிறவன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேரும் திருவனந்தபுரம் வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. மாடம்மாள் படித்தது இரண்டாங்கிளாஸ். தமிழில் தன் பெயரை எழுதுவாள், அவசரப்படுத்தாமல் இருந்தால். மற்றபடி எந்த பஸ் எங்கே போகும் என்பதை போர்டின் நிறத்தையும் டிரைவரின் மீசையையும் பார்த்தே சொல்லிவிடுவாள்.

அவள் ஆயா வேலை பார்த்தது கோட்டைக்குள் ஒரு அக்ரஹார வீட்டின் முன்னறையில் நடந்த நர்சரியில். வீடு சூடாமணி மாமியுடையது. ஏ.ஜி. ஆபீசில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் எப்போதோ போய்விட்டார். பாடம் எடுத்தது மாமியின் ஒரே மகள் ஆஷா. இருபத்தாறு வயது. இருபத்திரண்டு குழந்தைகள். வீட்டுக்குள்ளே போகும் நிலைப்படியில் ஒரு பச்சைத் திரை.

ஆஷாவின் பாடமெல்லாம் அட்டையில்தான். புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்க உள்ளே வைப்பார்களே, அந்த வெள்ளை அட்டை. அதை சாலையில் துணிக்கடைகளில் கேட்டு வாங்கி, கைநீள வெட்டு வெட்டி, சிவப்பு மார்க்கரில் ஓர் அட்டைக்கு ஓர் ஆங்கிலச் சொல் எழுதுவாள். கம், செட், அண்டர், லிட்டில் என்று நூறு அட்டை. கண் சிமிட்டும் நேரம் தூக்கிக் காட்டுவாள். பிள்ளைகள் கத்த வேண்டும். அட்டை மடிக்குப் போய்விடும். எழுத்துக் கூட்டக் கூடாது.

மாமிக்கு இது பிடிபடவேயில்லை. "என்னடி கூத்து இது? ஏ பி சி டி உறைக்கறதுக்கு முன்னாடி வார்த்தையா?"

"அம்மா, என்னைப் பார்த்த ஒடனே ஆஷான்னு கூப்பிடறியே, மூக்கு இத்தனை, காது இத்தனைன்னு கூட்டிப் பார்த்தா கூப்பிடறே? முகத்தைப் பார்த்துக் கூப்பிடறே. வார்த்தைக்கும் முகம் உண்டாக்கும்."

"ஒன் மூக்கைக் கூட்டினா ரெண்டு பேருக்கு வரும்," என்றார் மாமி.

மாடம்மாள் பெருக்கிக்கொண்டே இதையெல்லாம் கேட்பாள். அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். ஓர் அட்டையில் ஒரு துளி காப்பி சிந்திவிட்டாலும் ஆஷா அதைத் தூர எறிந்துவிடுவாள். மாசா மாசம் நூறும் புதிதாக எழுதுவாள்.

"நல்லாத்தான டீச்சர் இருக்கு? வசதி இருக்குன்னு இப்பிடியா?"

"கறை பட்டா பிள்ளேள் கறையைத்தான் பார்க்கும் மாடம்மா. வார்த்தையைப் பார்க்காது."

அதெல்லாம் பணக்காரச் சீக்கு என்று நினைத்துக்கொண்டு மாடம்மாள் பழைய அட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போய் அடுப்பு விசிறினாள்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் பிள்ளைகள் போன பிறகு ஆஷா அவளைப் பிடித்துக்கொண்டாள். "ஊரையெல்லாம் பண்றே. என்னைப் போல ஒரு தரம் பண்ணேன்."

"அய்யோ, சோறு போடுத ஆள எப்பிடி டீச்சர்?"

"அம்மாவைப் பண்றியே. அவதானே ஒனக்கு சம்பளம் தரா?"

மாடம்மாள் பெருக்கிக்கொண்டிருந்த வாரியலை ஓரமாகச் சாய்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு விரலில் ஓர் அட்டையைத் தூக்கி, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, "சில்ட்ரன், கண்ணு இவிடே" என்றாள், கடைசி எழுத்தை ஆஷாவைப்போலவே மேலே தூக்கி விட்டு. பிள்ளைகளின் கண்ணை அட்டைக்கு இழுக்க ஆஷா தினமும் சொல்வது அது. ஆஷா சிரித்துச் சிரித்துப் பெஞ்சில் படுத்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "போறும். இனி நான் லீவு போட்டா நீ க்ளாஸ் எடுத்துடு. அம்மாவுக்கே தெரியாது."

ஜூனில் மழை வந்தது. இரண்டாயிரத்து ஒன்று. தம்பானூரில் முழங்கால் தண்ணீர். செருப்பு வார் அறுந்துபோய், குதிகால் வெடிப்போடு வெறுங்காலில் அதைக் கடந்து வீட்டுக்கு வந்தாள் ஆஷா. ஐந்தாம் நாள் காய்ச்சல். எலிப்பனி என்றார்கள், எலிக்காய்ச்சல். ஒன்பதாம் நாள் அவளைக் கொண்டுவந்து முன்னறையில்தான் கிடத்தினார்கள், பிள்ளைகள் உட்காரும் இடத்தில்.

ஒரு மாசம் நர்சரி பூட்டிக் கிடந்தது. பெற்றோர்கள் தயங்கித் தயங்கி வந்து கேட்கத் தொடங்கியதும் ஜூலையில் திறந்தார்கள். மாமி முன்னறைக்கு வரவில்லை. புது டீச்சரும் வரவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளும் மாடம்மாளும் மட்டும். ஒன்று அழுதது, அதைப் பார்த்து இன்னொன்று அழுதது, பிறகு மொத்தமும்.

"மக்கா, அழாதிய. இன்னா பாரு, காக்கா பாரு." மீன்காரி வந்தாள், கண்டக்டர் வந்தான். ஒருவரும் எடுபடவில்லை. அலமாரியில் ஆஷா கடைசியாக எழுதி வைத்த கட்டு இருந்தது. பேருக்கு ஏதாவது கையில் இருக்கட்டும் என்று அதை எடுத்தாள். இரண்டு விரல். கழுத்து தானாகச் சாய்ந்தது.

"சில்ட்ரன், கண்ணு இவிடே."

அவள் அதைச் சொல்ல நினைக்கவில்லை. சத்தியம் செய்து தங்கையனிடம் பிறகு சொன்னாள். நினைக்கவே இல்லை. வாய் திறந்தது, அது வெளியே வந்தது.

அறை அப்படியே அடங்கிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சுமந்த் என்ற பையன் அவளைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தான். "ஆஷா டீச்சர் வந்தோ?" என்று பக்கத்துக் குழந்தையைக் கேட்டான். உள்ளே சமையலறையில் ஏதோ பித்தளைப் பாத்திரம் விழுந்து, உருண்டு, உருண்டு, நின்றது. பச்சைத் திரை அசைந்தது. யாரும் வெளியே வரவில்லை.

மறுநாள் திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தது.

"மாடம்மா," என்றார் மாமி, திரைக்கு அந்தப் பக்கமிருந்தே. "பத்து மணிக்கு எடு."

"மாமி, எனக்கு இங்கிலீசு..."

"நேத்திக்கு எடுத்த மாதிரி எடு. நான் வேற ஒண்ணும் கேக்கல்லே."

தனக்குப் படிக்கத் தெரியாது என்பதைச் சொல்ல வாயெடுத்தாள் மாடம்மாள். திரையின் ஓரத்தில் மாமியின் முகம் தெரிந்தது. கண் மூடியிருந்தது. ஒரு மாசமாக அந்த முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று அதில் இருந்தது, தாகமெடுத்தவள் குடத்துச் சத்தம் கேட்டாற்போல. மாடம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

அப்புறம் பிழைப்பு எப்படி நடந்ததென்றால், கொஞ்சம் கள்ளத்தனத்தில் நடந்தது. மேலே இருந்த இருபது அட்டை வரிசைப்படி அவளுக்குக் காதில் பாடம். மற்றதை, ஆஷாவிடம் ஏற்கெனவே படித்திருந்த சுமந்த் மாதிரிப் பிள்ளைகள் கத்துவார்கள். அவள் அரைநொடி பின்னால் சேர்ந்துகொள்வாள், தானே முதலில் சொன்னதுபோல. எந்த அட்டைக்காவது ஒருவரும் கத்தவில்லையென்றால் அது அடியில் போய்விடும். "குட் சில்ட்ரன்," என்பாள் ஆஷாவின் குரலில். திரைக்குப் பின்னால் நாற்காலி லேசாக முனகும்.

பத்தரை மணிக்குப் பாடம் முடிந்த பிறகும் குரல்தான் போகாமல் நின்றது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சாயங்காலம் தங்கையன் முன்னால் டம்ளரை வைத்து, "டீ குடிச்சாச்சோ?" என்றாள். புரோட்டா மாவு காய்ந்த கையோடு அவன் திரும்பிப் பார்த்தான்.

"யாருளா நீ?"

"ஏன், நாந்தான்."

"இந்த 'ஆச்சோ' நம்ம வீட்டுல கெடையாது. வேலை செய்யுத எடத்துலயே வெச்சிட்டு வா."

"வெச்சிட்டுதான் வாரேன். கூடவே வருது."

அவன் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சிவப்புக் கயிறு வாங்கி வந்து அவள் கையில் கட்டினான். கயிறு நன்றாக இருந்தது. குரலும் அப்படியே இருந்தது. தண்ணிக் குழாயடியில் சண்டை வந்தால்கூட அவள் வாயிலிருந்து "ப்ளீஸ், வரிசையா வாங்கோ" என்று வந்தது. எதிராளி குடத்தை வைத்துவிட்டு ஓடாத குறை.

அக்டோபரில் சரஸ்வதி பூஜை. அந்த வீட்டில் புஸ்தகங்களோடு ஆஷாவின் நூறு அட்டையும் பூஜைக்கு வைக்கப்பட்டது. மாமி ஒவ்வோர் அட்டையாக எடுத்து, சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தார். ஒன்றில் பொட்டு மூலையில் விழுந்தது, ஒன்றில் நடுவில். சிலதில் இரட்டைப் பொட்டு. 'லிட்டில்' என்ற அட்டையில் சந்தனம் நீர்த்து, குங்குமம் ஒரு கோடாக வழிந்து, மூக்குத்தி போட்டதுபோல நின்றது. விஜயதசமி காலை அட்டைகளை எடுத்து மாடம்மாள் கையில் கொடுத்தபோது மாமி, "அவ கையெழுத்து. ஒண்ணுகூடத் தூரப் போடப்படாது, கேட்டியா," என்றார்.

பிறகு நடந்ததை அதிசயம் என்றே எல்லோரும் சொன்னார்கள். இரண்டே வாரம். நூறு அட்டையும் பிள்ளைகளுக்கு அத்துப்படி. தூக்கும் முன்பே கத்தினார்கள். மாடம்மாளுக்கும் அத்துப்படி. அவளும் இப்போது அரைநொடி பின்னால் போகவில்லை, முன்னால் போனாள். மாமி திரைக்குப் பின்னாலிருந்து, "சரஸ்வதி கடாக்ஷம்டி," என்றார்.

படித்துவிட்டோம் என்ற கர்வத்தோடு அன்று மாடம்மாள் கிழக்கேகோட்டையில் நின்று ஒரு ஹோட்டலின் ஆங்கிலப் பலகையைப் பார்த்தாள். கண் எதையோ தேடியது. மூலையில் தேடியது, நடுவில் தேடியது. தான் தேடுவது பொட்டை என்பது அவளுக்குப் புரிந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத்தானே தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியுமே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பிப்ரவரியில் சுமந்தின் அப்பா நாகேஸ்வரன் வந்தார். சாலையில் சின்ன அச்சாபீஸ் வைத்திருப்பவர். பேசும்போதும் எழுத்துக் கோர்க்கிறவர்போல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். மார்ச் கடைசியில் சுமந்துக்கு ஒன்றாங்கிளாஸ் அட்மிஷன் இன்டர்வியூ. அவனுக்கு மட்டுமல்ல, அந்த அறையில் பதினான்கு பிள்ளைகளுக்கு. பெரிய ஸ்கூல்களில் புஸ்தகத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள்.

"ஒரு விஷயம், கேட்டேளா," என்றார். "இவன், ஆத்துல, அட்டை மாதிரி எல்லா வார்த்தையும், பாட்டாப் பாடறான். புஸ்தகத்தைக் கொடுத்தா, முழிக்கறான். ஒரு வார்த்தை வரல்லே."

"பயந்திருப்பான் சார்," என்றாள் மாடம்மாள்.

"அப்பாவைப் பார்த்தா? நானே இவனைப் பார்த்துத்தான் பயப்படறேன்." பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து நீட்டினார். "அதே நூறு வார்த்தை, நம்ம ப்ரெஸ்ல அடிச்சேன். ஆஷா ஞாபகமா. இன்னிக்கு இதைக் காட்டுங்கோ. நானும் பார்க்கறேன்."

புத்தம்புது வெள்ளை அட்டை. கறுப்பு எழுத்து. மாடம்மாள் முதல் அட்டையைத் தூக்கினாள். கழுத்து சாய்ந்தது. "சில்ட்ரன், கண்ணு இவிடே."

இருபத்திரண்டு ஜோடிக் கண்ணும் வந்தது. வாய் ஒன்றும் வரவில்லை.

அடுத்தது. அதற்கடுத்தது. பிள்ளைகள் அட்டையின் மூலையைப் பார்த்தார்கள். நடுவைப் பார்த்தார்கள். ஒரு பெண்குழந்தை தலையைச் சாய்த்து அட்டையின் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தது. அவர்கள் தேடுவது என்ன என்பது அந்த அறையில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்தது. இதையேதான் அவளும் பஸ் ஸ்டாப்பில் தேடியிருந்தாள்.

"சொல்லுங்கோ டீச்சர்," என்றார் நாகேஸ்வரன். "நீங்களே சொல்லிக் கொடுங்கோ, பின்னாலே வரும்."

அவள் அட்டையைப் பார்த்தாள். முகமே இல்லாத ஒரு முகம். திரைக்குப் பின்னால் நாற்காலி முனகாமல் காத்திருந்தது.

"இன்னைக்கு ஒடம்பு சரியில்ல சார். நாளைக்கு எடுக்கேன்," என்றாள். அது வள்ளியூர்க் குரலாக வந்தது. நாகேஸ்வரன் சற்றே பின்வாங்கினார், அறைக்குள் வேறு யாரோ நுழைந்ததுபோல.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவள் திரைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

"மாமி. எனக்குப் படிக்கத் தெரியாது."

திரைக்குப் பின்னால் நாற்காலி முனகியது.

"பொட்டைப் பாத்துதான் சொன்னேன். பிள்ளையளும் பொட்டைப் பாத்துதான் சொல்லுது. மூலையில இருந்தா கம், மூக்குத்தி இருந்தா லிட்டிலு. டீச்சர் இருந்தா அந்தக் கட்டை எப்பவோ தூரப் போட்டிருப்பாவ. கறை பட்டா கறையத்தான் பாக்கும்னு என்கிட்ட சொல்லிருக்காவ. எனக்கு அப்போ வெளங்கல்ல."

"கறையா?" என்றார் மாமி. "அது நான் வெச்ச பொட்டு."

"ஆமா மாமி."

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"படிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள வைங்க. இன்னும் ஒரு மாசம் இருக்கு. பிள்ளையள் பாவம்."

"ஆளை வெச்சா," என்றார் மாமி மெதுவாக, "பத்து மணிக்கு வேற யாரோ பேசுவா."

"ஆமா."

"அப்போ அவ வரமாட்டா."

வர வேண்டாம் என்று சொல்ல மாடம்மாளுக்கு வாய் வரவில்லை. வருவாள் என்று சொல்வதற்குத் தன் தொண்டைமேல் அவளுக்கே உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. மாமி எழுந்து உள்ளே போகும் சத்தம் கேட்டது. இரண்டு நாள் நர்சரி லீவு என்று வாசலில் எழுதித் தொங்கியது.

திங்கட்கிழமை அவள் போனபோது மாமி முன்னறையில் நின்றுகொண்டிருந்தார். எட்டு மாசத்துக்குப் பிறகு. கையில் ஒரு கட்டு. நாகேஸ்வரன் கொடுத்தது இல்லை. சட்டை அட்டை, கைநீள வெட்டு, சிவப்பு மார்க்கர். ஆபீஸ் கோப்புகளில் முப்பது வருஷம் எழுதிய உருண்டைக் கையெழுத்து. ஒரு பொட்டு இல்லை. பழைய கட்டு மஞ்சள் நூல் சுற்றிப் பூஜை அலமாரிக்குப் போய்விட்டிருந்தது.

"நான் எடுக்கறேன்," என்றார் மாமி. "நீ அங்கே ஒக்காரு."

"எங்க மாமி?"

"பிள்ளேளோட."

மாடம்மாள் சுமந்துக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "ஆயா இவிடேயா?" என்று அவன் கேட்டு, இடம் விட்டு நகர்ந்து கொடுத்தான்.

மாமி கட்டைக் கலைத்துச் சேர்த்தார். வரிசைப் பாடம் இனிச் செல்லாது. ஓர் அட்டையை உருவி, எழுத்துப் பக்கம் பிள்ளைகளுக்குக் காட்டித் தூக்கினார். "சில்ட்ரன்," என்றார். ஆபீஸில் பியூனைக் கூப்பிடுகிற குரல். பிள்ளைகள் அட்டையைப் பார்க்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சைத் திரையைப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. மாமியும் அங்கேதான் பார்த்தார். கை அப்படியே தூக்கியபடி.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாடம்மாள் மட்டும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூலையில் ஒன்றுமில்லை, நடுவில் ஒன்றுமில்லை. நெட்டையாக ஒரு கோடு, நடுவில் இரண்டு குறுக்குக் கோடு, மறுபடி ஒரு நெட்டை.

"லிட்டில்."

அது பிள்ளைகளின் நடுவிலிருந்து வந்தது. கடைசி எழுத்து மேலே தூக்கி விட்டிருந்தது. சுமந்த் திடுக்கிட்டுப் பக்கத்தில் பார்த்தான். மாடம்மாள் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மாமி அட்டையைத் திருப்பித் தன் கையெழுத்தைப் பார்த்தார். மறுபடி பிள்ளைகள் பக்கம் திருப்பினார்.

"லிட்டில்," என்றார், தன் குரலில்.

"லிட்டில்," என்றார்கள் பிள்ளைகள்.

இதைத் தங்கையனிடம் சொன்னபோது அவன் புரோட்டாவைத் தட்டிப் போடுகிற வேகத்தில் தீர்ப்புச் சொன்னான். "எட்டு மாசமா அந்த அட்டையத்தான பாத்துட்டு இருந்த. பொட்டுக்கு அடியில எழுத்தும் இருந்துதுல்லா? கண்ணு அதையும் பாத்து வெச்சிருக்கும். இல்லைன்னா நூத்துல ஒண்ணு, குருட்டாம்போக்கு." அப்படித்தான் இருக்கும் என்று அவளும் சொன்னாள். அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அடுத்த அட்டைக்கு அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. மற்ற தொண்ணூற்றொன்பதையும் அவள் பிள்ளைகளோடு சேர்ந்து, தலையில் குட்டு வாங்காத குறையாக, மார்ச் மாசம் முழுக்க உட்கார்ந்து படித்தாள். இன்டர்வியூவுக்குப் போன பதினான்கு பேரில் பதினொரு பேருக்கு இடம் கிடைத்தது. சுமந்துக்குக் கிடைத்தது. கிடைக்காத மூன்று பேரின் பெயரும் மாடம்மாளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அந்தக் குரல் பிறகு வரவில்லை. ஒருநாள் பிள்ளைகள் போன பிறகு மாமியே கேட்டார், அட்டைகளை அடுக்கிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்: "ஒரே ஒரு தரம், மாடம்மா. அந்த 'கண்ணு இவிடே'."

மாடம்மாள் வாரியலைச் சாய்த்து வைத்தாள். முந்தானையைச் செருகினாள். இரண்டு விரலில் அட்டை, கழுத்து சாய்வு, எல்லாம் சரியாக இருந்தது. வாயைத் திறந்தாள். மீன்காரி வந்தாள், கண்டக்டர் வந்தான், வள்ளியூர் மாடம்மாள் வந்தாள்.

"வரல்ல மாமி," என்றாள்.

மாமி தலையசைத்தார். அட்டைகளை ரப்பர் பேண்டில் கட்டி அலமாரியில் வைத்தார். நாற்காலியைத் திரைக்குப் பின்னாலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. மாடம்மாளும் எடுக்கவில்லை, தினமும் அதைத் துடைத்தாள். துடைக்கும்போது சில நாள் காலை பத்து மணிக்கு, யாரும் உட்காராத அந்த நாற்காலி லேசாக முனகும். மரம், வெயிலுக்கு அப்படித்தான் முனகும் என்பான் தங்கையன். மழைக்காலத்திலும் முனகுகிறது என்பதை அவள் அவனிடம் சொல்லவில்லை.